ஸ்டேஷன் மாஸ்டர் பதில்கள்: வோக்கிங் முதல் கேத்தி வரை

2019 கோடையில் மூன்று மாதம் இங்கிலாந்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மகள் நர்ஸ். இருப்பது வோக்கிங் என்ற ஊரில். லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டம். அவள் டியூட்டிக்குக் கிளம்பியதும் நான் ஸ்டேஷனுக்கு நடந்துவிடுவேன். முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் இருந்தவன், அதில் கடைசிப் பதினோரு வருடம் குன்னூரில். ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும்போது வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாது. அதனால் இந்த இதழில் ரயில் கேள்விகள் மட்டும்.

என் மகனும் மருமகளும் வோக்கிங்கில்தான் குடியேறியிருக்கிறார்கள். அந்த ஸ்டேஷன் ரொம்பப் பழையதா? ஊர் எப்படி?
*ஓய்வு பெற்ற ஆசிரியை, குன்னூர்*

டீச்சர், அங்கே ஊரைவிட ஸ்டேஷன்தான் மூத்தது. நம் பக்கத்துக்கு நேர் எதிர்.

1838 மே 21ஆம் தேதி அங்கே முதல் ரயில் வந்து நின்றபோது ஸ்டேஷனுக்குப் பெயர் 'வோக்கிங் காமன்'. காமன் என்றால் ஊர்ப் பொது நிலம், நாம் மேய்ச்சல் புறம்போக்கு என்போமே, கிட்டத்தட்ட அது. சுற்றிலும் மணல் பூமி, புதர், முள். ஊட்டி மலைச்சரிவில் மஞ்சளாகப் பூத்துக் கையைக் கிழிக்கிற கோர்ஸ் செடி நினைவிருக்கிறதா? அது அந்தச் சீமையிலிருந்து இங்கே வந்ததுதான். அங்கே அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஆளைச் சந்தித்த மாதிரி இருந்தது. உண்மையான வோக்கிங் கிராமம் ஸ்டேஷனிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, வே என்ற ஆற்றங்கரையில், பழைய தேவாலயத்தோடு இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் பெயரை ஸ்டேஷன் பக்கத்து ஊரிடம் விட்டுக்கொடுத்துவிட்டு, தான் 'ஓல்ட் வோக்கிங்' ஆகிவிட்டது.

பாதை போட்டது லண்டன் அண்ட் சவுத்தாம்ப்டன் ரயில்வே. துறைமுகத்துக்குப் போவதுதான் அவர்கள் குறி, வோக்கிங் நடுவில் அகப்பட்ட ஒரு புள்ளி. முதல் சில மாதம் பாதை அங்கேயே முடிந்தது. 1840 மே மாதம்தான் சவுத்தாம்ப்டன் வரை முழுதாகத் திறந்தார்கள். லண்டனில் அப்போது வாட்டர்லூ ஸ்டேஷனே கிடையாது, நைன் எல்ம்ஸ் என்ற இடத்தில் இறங்க வேண்டும். வாட்டர்லூ வந்தது 1848இல். அதற்குள் 1845இல் வோக்கிங்கிலிருந்து கில்ஃபோர்டுக்கு ஒரு கிளைப் பாதை போட்டார்கள். அன்றைக்கு அது ஜங்ஷன் ஆனது. ஜங்ஷன் ஆனால் இன்ஜினுக்குத் தண்ணீர், கரி, ஆள், ஆளுக்கு வீடு, வீட்டுக்குக் கடை. அப்படித்தான் ஊர் முளைத்தது. இன்றைக்கு அங்கே குடியிருப்பவர்களில் பெரிய பங்கு காலையில் லண்டனுக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்கள்.

நம் கதையைப் பாருங்கள். கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் 1820களில் உதகையில் வீடு கட்டிவிட்டார். மலைக்கு ரயில் வேண்டும் என்ற யோசனை 1854இலேயே எழுந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வண்டி ஏறியது 1899 ஜூன் 15ஆம் தேதி. உதகைக்கு 1908 அக்டோபரில். ஊர் எண்பது வருடத்துக்கு மேல் காத்திருந்து ரயிலை வாங்கியது. மலையின் மேல் யாருக்கும் கோபம் இல்லை. பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி ஏறுகிற சரிவு அது, அவசரப்பட முடியாது.

வோக்கிங் போனால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில், தண்டவாளத்தை ஒட்டினாற்போல் பச்சைக் குவிமாடத்தோடு ஒரு சின்னப் பள்ளிவாசல். 1889இல் கட்டியது. போபால் ராணி ஷாஜஹான் பேகம் கொடுத்த பணத்தில் எழுந்ததால் ஷாஜஹான் மசூதி என்று பெயர். பிரிட்டனில் பள்ளிவாசலாகவே கட்டப்பட்ட முதல் கட்டடம் அதுதான். நான் முதல் நாள் பார்த்தபோது லேசான தூறல், வாசலில் ஒரு பெரியவர் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். நம் நாட்டுப் பணத்தில் கட்டிய கட்டடத்தின் முன்னால் நிற்கிறோம் என்று தோன்றியதும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஐயா, அங்கே ரயிலுக்கு இன்ஜினும் இல்லை, மேலே கரண்ட் கம்பியும் இல்லை என்று தம்பி வீடியோ அனுப்பினான். பிறகு எப்படி ஓடுகிறது?
*தொழிற்சாலை ஊழியர், அருவங்காடு*

நல்ல கண் உங்களுக்கு. நானும் முதல் நாள் பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்று இதைத்தான் தேடினேன்.

கீழே பார்க்க வேண்டும். வண்டி ஓடுகிற இரண்டு தண்டவாளத்துக்கு வெளியே, கொஞ்சம் உயரத்தில், வெள்ளைப் பீங்கான் குமிழ்களின் மேல் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் போகும். அதில் 750 வோல்ட் நேர்மின்சாரம். பெட்டிக்கு அடியில் இருக்கும் இரும்புக் கட்டை ஒன்று (அதை 'ஷூ' என்கிறார்கள்) அந்தத் தண்டவாளத்தின் தலையில் உரசிக்கொண்டே போய் மின்சாரத்தை எடுக்கும். மோட்டார் பெட்டியின் அடியிலேயே இருக்கிறது. தனி இன்ஜின் வேண்டாம். நம் சென்னை மின்சார ரயில் மாதிரிதான், மேலே இருக்க வேண்டியது கீழே இருக்கிறது, அவ்வளவே. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது 1931இல். வோக்கிங் வழியாக போர்ட்ஸ்மவுத் வரை வந்தது 1937இல். இந்த ஒரு விஷயத்தில் நாம் ஆறு வருடம் முந்தி.

ஸ்டேஷனுக்குள் வரும்போது அந்த மூன்றாவது தண்டவாளம் பிளாட்பாரத்துக்கு எதிர்ப்பக்கம் மாறிவிடும், யாராவது தவறி விழுந்தாலும் தொட்டுவிடக் கூடாது என்று. நம் ஆட்கள் குறுக்கே இறங்கி அடுத்த பிளாட்பாரத்துக்குப் போவார்களே, அந்தப் பழக்கம் அங்கே உயிரை வாங்கிவிடும். தம்பியிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். குளிர்காலத்தில் அந்தத் தண்டவாளத்தின் மேல் பனி உறைந்தால் ஷூவுக்கும் இரும்புக்கும் நடுவில் மின்சாரம் விட்டுவிட்டு வரும், இருட்டில் நீலமாகப் பொறி பறக்கும் என்று மகள் சொன்னாள். நான் இருந்தது கோடை, பார்க்கக் கிடைக்கவில்லை.

நீங்கள் அருவங்காட்டுக்காரர். கல்லாறு வரை போய் நம் பாதையையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். அங்கேயும் கூடுதல் இரும்பு உண்டு, நட்டநடுவில். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்டுபிடித்த முறை. பல் வைத்த இரண்டு பட்டை, பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் இன்னொன்றின் பள்ளம். இன்ஜினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் ஒரு பல்லையாவது கவ்விக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக அப்படி. கல்லாற்றில் தொடங்கிக் குன்னூரில் முடியும். அவர்கள் கூடுதல் இரும்பு வேகத்துக்கு, நம்முடையது பிடிப்புக்கு. வோக்கிங்கிலிருந்து வாட்டர்லூ 39 கிலோமீட்டர், வேக வண்டியில் அரை மணிக்கும் குறைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை 46 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். இரண்டையும் பார்த்த எனக்கு இரண்டுமே பெரிய வேலைதான். சரிவில் பின்னாலிருந்து இன்ஜின் தள்ள, பெட்டிக்கு ஒருவராகக் கொடியோடு நிற்கிறார்களே பிரேக்ஸ்மேன்கள், மழையிலும் மஞ்சிலும், அவர்கள் வேலைக்கு ஈடாக நான் எங்கேயும் ஒன்றைப் பார்க்கவில்லை.

அண்ணா, அடுத்த மாதம் மகளின் பிரசவத்துக்கு வோக்கிங் போகிறேன். வயது 64. இங்கிலீஷ் சுமார். தனியாக ரயிலில் போய் வர முடியுமா?
*வாசகி, கோத்தகிரி*

முடியும் அம்மா, பயமே வேண்டாம். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து வோக்கிங் ஸ்டேஷனுக்கே நேரடி பஸ் இருக்கிறது. ரயில்ஏர் என்று போட்டிருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்குள் போய்ச் சுற்ற வேண்டாம். மகளை ஸ்டேஷன் வாசலுக்கு வரச் சொல்லிவிடுங்கள்.

டிக்கெட் விஷயம்தான் நமக்குப் புதிது. ஒரே இடத்துக்கு ஒரே ரயில், ஆனால் நேரத்தைப் பொறுத்து விலை மாறும். காலை ஆபீஸ் நேரத்தில் அதிகம், அது தாண்டியதும் குறையும். உங்களுக்கு அவசரம் இல்லை, பேரக்குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுப் பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். போய்வர ஒரே டிக்கெட்டாகக் கேளுங்கள், பெரும்பாலும் ஒரு வழிக்கும் இரு வழிக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். 60 வயது ஆனவர்களுக்கு 'சீனியர் ரயில்கார்டு' உண்டு. பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம், அந்த நாட்டுக் குடிமகளாக இருக்க வேண்டியதில்லை. ஒரு வருடத்துக்குக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு கழியும். வோக்கிங், லண்டன் மாதிரிப் பக்கத்து ஊர்களுக்குள் போக வேலை நாட்களில் காலை நெரிசல் நேரத்துக்கு மட்டும் செல்லாது. நம் ரயில்வேயில் மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, இன்னும் திரும்பவில்லை. எங்கள் காலத்தில் கவுன்டரில் வயதைக் கேட்டு எழுதிக்கொடுத்த கை இது. அந்தச் சலுகை திரும்ப வர வேண்டும் என்று நான் எழுதாத இடம் இல்லை.

கதவு தானாகத் திறக்கும் என்று நின்றுவிடாதீர்கள். கதவில் ஒரு வட்டப் பொத்தான் இருக்கும், அதில் விளக்கு எரிந்ததும் அழுத்த வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு பள்ளிக்கூடப் பையன். வாட்டர்லூவில் 24 பிளாட்பாரம். உங்கள் வண்டி எதில் என்பது கிளம்பச் சில நிமிடம் முன்னால்தான் பலகையில் வரும். அதுவரை எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். பலகையில் வண்டி நிற்கும் ஊர்கள் வரிசையாக ஓடும். வோக்கிங் என்ற பெயர் சீக்கிரம் வந்தால் வேக வண்டி, நிறைய ஊர் தாண்டி வந்தால் எல்லா இடத்திலும் நிற்கிற வண்டி.

இன்னொன்று. வண்டி 15 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் காசு திரும்பக் கேட்கலாம். ஒரு வழிக் கட்டணத்தில் கால் பங்கு, அரை மணி தாண்டினால் பாதி, ஒரு மணி தாண்டினால் முழுதும். டிக்கெட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். பெண் பிரசவம் நல்லபடி நடக்கட்டும்.

சார், எங்கள் ரன்னிமேடு ஸ்டேஷன் பெயர் இங்கிலாந்திலும் இருக்கிறதாமே?
*பள்ளி மாணவி, கேத்தி*

இருக்கிறது, ஸ்டேஷனாக இல்லை. தேம்ஸ் நதியோரப் புல்வெளி அது. 1215இல் ஜான் மன்னர் தன் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை வைத்த இடம். இன்றைக்கு அந்தப் பகுதிக்கே ரன்னிமேடு என்றுதான் பெயர், வோக்கிங்குக்குப் பக்கத்து எல்லை. போக வேண்டுமானால் எகாம் என்ற ஸ்டேஷனில் இறங்க வேண்டும். கனடாவில் டொரோன்டோ மெட்ரோவில் ஒரு ரன்னிமேடு ஸ்டேஷன் இருக்கிறது. ஆனால் யானைக்காக வண்டியை நிறுத்திக் காத்திருக்கிற ரன்னிமேடு நம்முடையதுதான், கண்ணு.

பிணங்களுக்கென்று தனி ரயில் ஓடியதாகப் படித்தேன். உண்மையா, கதையா?
*வாசகர், வெலிங்டன்*

உண்மை. வோக்கிங்குக்கு அடுத்த ஸ்டேஷன் புரூக்வுட். அங்கேதான் அந்த ரயில் போனது.

1840களின் கடைசியில் லண்டனில் காலரா. இருந்த இடுகாடுகள் எல்லாம் நிரம்பிவிட்டன. நகரத்துக்கு வெளியே பெரிய இடுகாடு, அதற்கு ரயில் என்று திட்டம் போட்டு, 1852இல் சட்டம் வாங்கி ஒரு கம்பெனி தொடங்கியது. வோக்கிங் காமன் நிலத்தை அது மொத்தமாக வாங்கியது. 1854 நவம்பரில் வாட்டர்லூ பக்கத்தில் இதற்கென்று தனி ஸ்டேஷன் கட்டி ரயில் விட்டார்கள். இடுகாட்டுக்குள் இரண்டு ஸ்டேஷன், இங்கிலாந்துத் திருச்சபைக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று சவப்பெட்டிக்கும் உண்டு. டிக்கெட் விற்றவன் என்ற முறையில் என் மனதைப் பிடித்தது ஒன்றுதான்: கூட வருகிறவர்களுக்குப் போய்வரும் டிக்கெட், பெட்டிக்கு ஒரு வழி டிக்கெட். அதைத் தேதி குத்திக் கொடுத்த குமாஸ்தாவின் கையை நினைத்துப் பார்க்கிறேன்.

1941 ஏப்ரலில் குண்டு விழுந்து லண்டன் பக்கத்து ஸ்டேஷன் நாசமானது. அதோடு அந்த ரயில் நின்றது. வாங்கிய நிலம் தேவைக்கு மேல் இருந்ததால் கம்பெனி வோக்கிங் ஸ்டேஷன் பக்கத்து மனைகளை விற்றது. ஊர் பெருக அதுவும் ஒரு காரணம். டாட்டா நிறுவனங்களைத் தொடங்கிய ஜம்ஷெட்ஜி டாட்டாவின் கல்லறை புரூக்வுட்டில் பார்சிகளுக்கான பகுதியில் இருக்கிறது. 1904இல் ஜெர்மனியில் இறந்தவரை அங்கே கொண்டுவந்தார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். பைன் மரங்கள், கீழே உதிர்ந்த ஊசி இலை, அந்த வாசனை. கண்ணை மூடினால் உதகைதான்.

நான் லவ்டேலிலிருந்து குன்னூருக்கு தினமும் வேலைக்குப் போகிறவள். வீட்டுக்குப் பக்கத்தில் ஸ்டேஷன், ஆனால் பஸ்ஸில்தான் போகிறேன். நம் ரயில் நமக்கு இல்லையா, டூரிஸ்டுகளுக்கு மட்டும்தானா?
*வாசகி, லவ்டேல்*

அம்மா, இந்தக் கடிதத்துக்காகத்தான் மற்றக் கேள்விகளையும் இந்த இதழுக்கு எடுத்தேன்.

இது நமக்காக ஓடிய வண்டி. நான் குன்னூருக்கு வந்த புதிதில் காலை வண்டியில் அருவங்காட்டுக்கு ஆள் நிற்க இடம் இருக்காது. கார்டைட் என்ற வெடிமருந்து ஃபேக்டரி 1904இல் வந்ததிலிருந்து அந்த ஸ்டேஷனுக்கு ஷிப்ட் கணக்குத்தான் கடிகாரம். கேத்தியில் கேரட் மூட்டையோடு ஏறுவார்கள், லவ்டேலில் பிள்ளைகள். அட்டை டிக்கெட் தெரியுமா உங்களுக்கு? கட்டைவிரல் அகலத்துக்குச் சற்று மேல், தடிமனான அட்டை. தாமஸ் எட்மன்ட்சன் என்ற மரத்தச்சர், வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஸ்டேஷனில் வேலை பார்த்தபோது உண்டாக்கியது, வோக்கிங் ஸ்டேஷன் பிறந்த அதே 1830களில். வரிசை எண் அச்சடித்து வரும். தேதி குத்தும் இரும்பு மிஷினில் செருகினால் 'டக்' என்று ஒரு சத்தம். காலை எட்டு மணிக்கு அந்தச் சத்தம் நிற்காது. ஒரு பாட்டி தினமும் கேத்திக்கு டிக்கெட் வாங்குவார், அட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் முந்தானையில் முடிவார். புது அட்டைக்கு ஒரு பசை வாசனை உண்டு.

இன்றைக்குக் குன்னூரிலிருந்து உதகைக்குப் பகலில் சில டீசல் வண்டிகள் ஓடுகின்றன. 2005இல் நம் நீலகிரி மலை ரயிலுக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய அங்கீகாரம் வந்தது, ரொம்பச் சந்தோஷம். வெளியூர்க்காரர் ஆசையோடு வருகிறார்கள், வரட்டும், அவர்கள் காசும் பாதையைக் காக்கிறது. ஆனால் உள்ளூர் ஆளுக்கு உட்கார இடமும், வேலைக்குப் போகிற நேரத்தில் வண்டியும் இருந்தால்தான் அது ஸ்டேஷன். இல்லாவிட்டால் போட்டோ எடுக்கிற இடம். வோக்கிங்கில் பழைய கட்டடத்தை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. காலை ஏழரைக்குப் பிளாட்பாரத்தில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள், அது போதும் அதற்கு மரியாதை. 2025 மே 25ஆம் தேதி அந்த வழித்தடத்தை அரசு மறுபடி தன் கைக்கு எடுத்தபோது முதல் வண்டி என்று சொன்னது அதிகாலை 5.36க்கு வோக்கிங்கிலிருந்து கிளம்பியதைத்தான். மகள் போனில் சொன்னபோது எனக்கு நம் காலை வண்டி ஞாபகம்தான் வந்தது.

பஸ் நம்மைவிட வேகம், அதை மறுக்க மாட்டேன். குன்னூரிலிருந்து உதகை வரை 18 கிலோமீட்டருக்கு ரயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். ஆனால் லவ்டேல், கேத்தி, அருவங்காடு, வெலிங்டன் என்று இடையில் ஏறி இறங்குகிறவர்களுக்கு அந்தக் கணக்கு வேறு. ரோட்டில் சீசன் நெரிசல் என்றால் இன்னும் வேறு.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வெறும் கோரிக்கை மனு போதாது, நான் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறேன், 'பொதுமக்கள் நலன் கருதி' என்று வருகிற மனு எங்கே போகும் என்று தெரியும். ஒரு வாரம் உங்கள் பஸ் நிறுத்தத்தில் எண்ணுங்கள். காலை 7 முதல் 9 வரை எத்தனை பேர், எங்கே இறங்குகிறார்கள், எத்தனை பேர் ஸ்டேஷனுக்குப் பத்து நிமிட நடைக்குள் இருக்கிறார்கள், வண்டி வந்தால் மாதச் சீசன் டிக்கெட் எடுப்பார்களா. பெயர், கையெழுத்தோடு சேலம் கோட்ட மேலாளருக்கு அனுப்புங்கள், கோட்டப் பயணிகள் ஆலோசனைக் குழுவுக்கு ஒரு நகல். லவ்டேல் கணக்கை நீங்கள் எடுங்கள். வெலிங்டனுக்கும் அருவங்காட்டுக்கும் இந்தப் பக்கத்தில் எழுதிய இருவரையும் கேட்டுக்கொள்கிறேன். கேத்தியில் நான் நிற்கிறேன், வரும் திங்கள்கிழமை காலை ஆறே முக்காலிலிருந்து.